பி. ரம்லியின் காதற்பாடல்கள்: மலாய் மெல்லிசையின் நிலைபேறு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பழைய காதற்பாடல்கள் ஏன் நிலைக்கின்றன என்னும் வினாவிற்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் தரப்படுகின்றது. அவை கேட்போரின் இளமைக் காலத்தை நினைவூட்டுகின்றன என்பதே அவ்விடை. அது பிழையன்று, ஆயினும் போதுமானதன்று. மலாய்த் திரையுலகின் பெருங்கலைஞரான பி. ரம்லி 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் தம் 44ஆம் அகவையில் மறைந்தார். அவர் மறைந்த பின்னர்ப் பிறந்தவர்களும் இன்று அவருடைய பாடல்களை விரும்பிப் பாடுகின்றனர். தாம் வாழ்ந்திராத காலத்தை எவரும் நினைவுகூர்தல் இயலாது. எனவே, அப்பாடல்களின் நிலைபேற்றிற்கு வேறு காரணங்களும் இருத்தல் வேண்டும். அக்காரணங்களை அவை பிறந்த வரலாற்றுச் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ரம்லி வளர்ந்த திரைப்படக்கூடத்தை இயக்கியவர்களுள் பலர் இந்தியர்களாக இருந்தமையால், இவ்வாய்வு இந்திய ஆய்வியல் துறையினர்க்கும் உரியதாகின்றது.

பினாங்கிலிருந்து ஜாலான் அம்பாஸ் வரை

தெங்கு சக்காரியா என்னும் இயற்பெயருடைய ரம்லி, 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தையார் தெங்கு ஞாக் பூத்தே அச்சே வட்டாரத்தைச் சேர்ந்தவர். அப்பெயரிலுள்ள ‘பூத்தே’ என்பதன் முதலெழுத்தே பின்னாளில் ரம்லியின் பெயருக்கு முன் நின்றது. துறைமுக நகரான பினாங்கில் மலாய், சீன, இந்திய, அரபு, மேற்கத்திய இசைகள் அனைத்தும் ஒரே தெருவில் ஒலித்தன. இசைக்கல்லூரி எதிலும் பயிலாத ரம்லிக்கு அவ்வூரே முதற் பயிற்சிக்களமாக அமைந்தது.

1948ஆம் ஆண்டு, இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் புக்கிட் மெர்தாஜாமில் ரம்லியின் பாடலைக் கேட்டு அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். ஷா சகோதரர்களின் மலாய்த் திரைப்பட நிறுவனம் ஜாலான் அம்பாஸில் இயங்கிவந்தது. அவ்வாண்டு வெளிவந்த ‘சிந்தா’ திரைப்படத்தில் ரம்லி துணைவேடம் ஏற்றதோடு, கதாநாயகன் ரூமாய் நூருக்குப் பின்னணியும் பாடினார். முகம் அறியப்படுவதற்கு முன்னரே அவருடைய குரல் மக்களைச் சென்றடைந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

இந்திய இயக்குநர்களின் பங்கு

1934இல் திரையிடப்பட்ட ‘லைலா மஜ்னுன்’ முதல் மலாய்த் திரைப்படமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. அதனை இயக்கியவரும் ராஜ்ஹான்ஸே ஆவார். போருக்குப் பின் எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், பி. என். ராவ், பணி மஜும்தார் முதலியோர் இத்துறைக்கு வந்தனர். கதையின் உணர்ச்சி முனையில் பாடலை அமைப்பதும், நடிப்பவர் ஒருவராகவும் பாடுபவர் வேறொருவராகவும் இருப்பதும் இவர்கள் இந்தியாவிலிருந்து கொணர்ந்த வழக்கங்களாகும். 1950இல் கிருஷ்ணன் இயக்கிய ‘பக்தி’ திரைப்படத்தின் வாயிலாக ரம்லி கதாநாயகனாக உயர்ந்தார்.

இவர்களுள் மஜும்தாரின் வருகை தனித்துக் குறிப்பிடத்தக்கது. இவர் கல்கத்தாவில் கே. எல். சைகல் நடித்துப் பாடிய ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ திரைப்படத்தை 1938இல் இயக்கியவர். ஒலிவாங்கியின் முன் மெல்லப் பாடும் முறையை இந்தியத் திரையில் நிலைபெறச் செய்தவர்களுள் சைகல் முதன்மையானவர். மஜும்தார் இயக்கிய ‘ஹங் துவா’ திரைப்படத்திற்கு ரம்லி இசையமைத்தார். 1956ஆம் ஆண்டு ஹாங்காங்கில் நடைபெற்ற ஆசியத் திரைப்பட விழாவில் அவ்விசைக்குப் பரிசு கிடைத்தது.

இத்தொடர்பை மிகைப்படுத்துதலும் கூடாது, மறைத்தலும் கூடாது. இந்தியர்கள் பாடலுக்கு இடம் அமைத்துக் கொடுத்தனர். ஆனால் அவ்விடத்தில் ஒலிக்க வேண்டிய பாடல் எது என்பதை ரம்லியே முடிவு செய்தார். 1955இல் ‘பெனாரெக் பெச்சா’ திரைப்படத்தைத் தாமே இயக்கத் தொடங்கிய பின்னர், கதை, நடிப்பு, இசை, குரல் ஆகிய அனைத்தும் ஒருவர் கையில் ஒன்றுபட்டன. தம் இளமையில் பினாங்கில் இயற்றிய ‘அசிசா’ பாடலை அத்திரைப்படத்தில் அவர் இணைத்ததே இதற்குச் சான்றாகும்.

ஒலிவாங்கியும் மென்குரலும்

1925ஆம் ஆண்டு மின்முறை ஒலிப்பதிவு பரவத் தொடங்கியது. அதற்கு முன்னர்ப் பாடகர் உரத்த குரலில் பாடினால்தான் இசைத்தட்டில் ஒலி பதியும். மேடையிலும் கடைசி வரிசைவரை குரல் எட்ட வேண்டியிருந்தது. ஒலிவாங்கி இத்தேவையை நீக்கியது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றோர் காதருகே பேசுவதுபோலப் பாடலாயினர். காதல் என்பது இருவருக்கிடையே நிகழும் பேச்சாதலின், மென்குரலே அதற்குப் பொருந்தும் குரலாயிற்று.

ரம்லியின் குரல் இம்மரபைச் சார்ந்தது. அதில் வலிந்து எழுப்பிய உச்சங்கள் அரிதாகவே உள்ளன. சொற்கள் தெளிவாக ஒலிக்கின்றன. மூச்சு நிதானமாக அமைகின்றது. தாளத்தைப் பொறுத்தவரை, மலாய் மரபின் அஸ்லி, இனாங், ஜோகெட் ஆகியவற்றோடு ரும்பா, வால்ட்ஸ் முதலிய மேற்கத்திய நடன வகைகளையும் அவர் தயக்கமின்றிக் கையாண்டார். பயிற்சி பெறாதவரும் உடன் பாடத்தக்க எளிமை அப்பாடல்களில் உண்டு. கேட்பதற்கு மட்டுமன்றிப் பாடுவதற்கும் எளிதாக இருத்தல் ஒரு பாடலின் ஆயுளை நீட்டிக்கும். பாடுவோர் உள்ளவரை அது பழம்பொருளாவதில்லை.

பந்துன் மரபும் காதல் மொழியும்

எஸ். சுடர்மாஜி, ஜமில் சூலோங் முதலியோர் எழுதிய பாடல்வரிகளை நோக்குமிடத்து, மலாய்ப் பந்துன் மரபின் செல்வாக்கு புலப்படுகின்றது. நான்கடிப் பந்துனில் முதலிரண்டு அடிகள் ‘பெம்பாயாங்’ எனப்படும். அவை இயற்கைக் காட்சியொன்றைக் காட்டி நிழல்போல் முன்செல்லும். பின்னிரண்டு அடிகள் ‘மக்சூட்’ எனப்படும். அவையே கருத்தை உரைக்கும். அகப்பாடல்களில் கருப்பொருள்வழி உள்ளுறை உணர்த்தும் முறையைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இஃது அயலாகத் தோன்றாது. இவ்விரு மரபுகளுக்கிடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது எனக் கூறுவது இங்கு நோக்கமன்று. காதலை வெளிப்படையாகக் கூறாமல் நிலவின்மீதும் மலரின்மீதும் ஏற்றிக் கூறும் நாகரிகம் இரண்டிற்கும் பொதுவானது என்பதே கருத்து. இவ்வாறு மறைத்துக் கூறும் மொழி, எந்தத் தலைமுறையினரும் தம் அனுபவத்தை அதனுள் வைத்துப் பார்க்க இடந்தருகின்றது.

காதலும் தகுதி வேறுபாடும்

இப்பாடல்கள் வெறும் இனிமைக்காக எழுந்தவை எனக் கொள்வது தவறாகும். 1960இல் வெளிவந்த ‘அந்தாரா டுவா டார்ஜாட்’ திரைப்படத்தில் உயர்குடிப் பெண்ணொருத்தியை எளிய இசைக்கலைஞன் ஒருவன் காதலிக்கின்றான். ‘கெத்தாரான் ஜீவா’ என்னும் புகழ்பெற்ற பாடல் அத்திரைப்படத்தில் இடம்பெற்றதாகும். 1962இல் வெளிவந்த ‘இபு மெர்துவாகூ’ திரைப்படத்தில், வானொலியில் ஒலித்த குரலைக் கேட்டே செல்வப் பெண்ணொருத்தி இசைக்கலைஞன் காசிம் செலாமாட்டிடம் மனம் இழக்கின்றாள். இசைக்கலைஞனை இழிந்தவனாகக் கருதும் அவளுடைய தாய் இருவரையும் பிரிக்கின்றாள். மனைவி இறந்துவிட்டாள் என்ற பொய்யை நம்பிய அவன், அழுது அழுது பார்வையை இழக்கின்றான்.

விடுதலையை ஒட்டிய அக்காலத்தில், குடிப்பிறப்பும் செல்வமும் மனிதரின் தகுதியை அளக்கலாமா என்னும் வினா சமூகத்தில் எழுந்திருந்தது. அவ்வினாவை ரம்லி மேடைப்பேச்சாக்கவில்லை, காதற்பாடலின் துயரமாக்கினார். 1968இல் அவர் இயக்கிய ‘கெரிமிஸ்’ திரைப்படத்தில் மலாய் இளைஞன் ஒருவனும் இந்தியப் பெண் ஒருத்தியும் காதலிக்கின்றனர். குடிவேறுபாட்டைக் கேள்விக்குள்ளாக்கிய கலைஞர் இனவேறுபாட்டையும் தொட்டார் என்பதற்கு அது சான்று பகர்கின்றது. மெல்லிசையின் அடியில் ஓடிய இக்கவலையே அப்பாடல்களுக்குக் கனத்தைத் தந்தது.

வீழ்ச்சியும் மீட்சியும்

1960களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் நிகழ்ச்சி படைத்தனர். அதன்பின் மின்கித்தார்க் குழுக்கள் பெருகி, ‘பாப் யே யே’ என்னும் புதிய இசை இளைஞரை ஈர்த்தது. 1963இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. இந்தோனேசிய எதிர்ப்பு நடவடிக்கைகளால் மலாய்த் திரைப்படங்களுக்குரிய அந்நாட்டுச் சந்தையும் அடைபட்டது. 1964இல் ரம்லி கோலாலம்பூரிலுள்ள மெர்டேக்கா திரைப்படக்கூடத்திற்கு இடம்பெயர்ந்தார். ஜாலான் அம்பாஸ் கூடம் 1967இல் மூடப்பட்டது. வண்ணத் திரைப்படங்கள் பெருகிய காலத்தில் குறைந்த வசதிகளோடு கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த திரைப்படங்கள் முன்போல் வரவேற்புப் பெறவில்லை. 1972இல் வெளிவந்த ‘லக்சமானா டோ ரே மி’யோடு அவருடைய திரைப்பணி முடிவுற்றது.

திரையரங்குகளை வெறுமையாக்கிய அதே தொலைக்காட்சிதான் பின்னர் அவருடைய பழைய திரைப்படங்களை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. கோலாலம்பூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த இல்லம் 1986இல் நினைவகமாயிற்று. 1990இல் பாடகி ஷீலா மஜித் ‘லெகெண்டா’ என்னும் இசைத்தொகுப்பில் ரம்லியின் பாடல்களைப் புதிய இசையமைப்பில் வழங்கினார். அவ்வாண்டே நாடு அவருக்கு ‘டான் ஸ்ரீ’ விருதை மறைவுக்குப் பின் வழங்கியது. வேறு குரலிலும் வேறு கருவிகளிலும் அப்பாடல்கள் உயிரோடிருந்தமை, அவற்றின் வலிமை பதிவின் பழமையில் அன்று, இசையிலும் சொல்லிலும் உள்ளது என்பதை மெய்ப்பித்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ரம்லியின் காதற்பாடல்களின் நிலைபேற்றிற்கு நான்கு காரணங்களைக் கூறலாம். ஒலிவாங்கி தந்த நெருக்கமான குரல், எவரும் பாடத்தக்க இசையமைப்பு, மறைத்துணர்த்தும் மலாய்க் கவிமரபு, சமூக நீதி குறித்த ஆழ்ந்த கவலை ஆகியன அவை. இவற்றிற்குத் துணையாகத் தொலைக்காட்சியும் பிற கலைஞர்களும் அவற்றை மீண்டும் மீண்டும் புதிய தலைமுறையினரிடம் சேர்த்தனர்.

தமிழ்க் கல்வியாளர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க பயன் ஒன்றுண்டு. பழைய பாடல் தானே நிலைப்பதில்லை. யாரேனும் அதனைப் பாடியும் ஒலிபரப்பியும் கற்பித்தும் நிலைக்கச் செய்கின்றனர். ரம்லியைப் பொறுத்தவரை அப்பணி அவர் கண்மூடிய பின்னரே முழுமையாகத் தொடங்கியது. இந்நாட்டிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்து மெல்லிசை படைத்த தமிழ்க் கலைஞர்களின் பாடல்களையும் வாய்மொழிச் செய்திகளையும் அவர்கள் வாழுங்காலத்திலேயே தொகுத்து வகுப்பறைக்குக் கொண்டுசெல்லுதல் நம் கடமையாகும்.