குக்கர் மூடி மேல் 300 கிலோ

ஆனைமலையில் எங்கள் வீட்டு அடுப்படியில் தினமும் குக்கர் விசில் அடிக்கிறது. அந்த நேரத்தில் ஆவி மூடியை எவ்வளவு பலமாகத் தள்ளும் என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். மூடியின் விட்டம் 20 செ.மீ. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் அதிகம். விடை 300 கிலோவுக்கு மேல்! ஆறு அரிசி மூட்டை! அம்மா பக்கத்திலேயே நின்று தேங்காய் துருவுகிறார். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

1679-ல் லண்டனில் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், எலும்பையும் மெத்தென்று வேகவைக்கும் மூடிய பானையைச் செய்து காட்டினார். அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். பானை வெடிக்காமல் இருக்க அவர் வைத்த வால்வுதான் நம் குக்கர் வெயிட்டின் பாட்டன்.

பிறகு நீராவி எந்திரங்கள் வந்தன, பாய்லர்கள் பெரிதாயின, வெடித்தன. 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் பிராக்டன் ஊரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் பழைய பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பின்தான் மாசசூசெட்ஸ் மாநிலம் 1907-ல் சட்டம் போட்டது. 1915-ல் ஏ.எஸ்.எம்.இ. பாய்லர் விதிகள் வெளியாயின. இந்தியாவில் 1923-ல் பாய்லர் சட்டம் வந்தது. 2025-ல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. சுருக்கமாகச் சொன்னால், விதிப் புத்தகத்தின் பல பக்கங்கள் உயிர்களைக் கொடுத்து வாங்கியவை.

"தகட்டைத் தடிமனாக்கினால் தீர்ந்தது" என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அழுத்தத்துக்கு அது சரி. வெப்பத்துக்குச் சரியில்லை. சுவர் தடித்தால் உள்பக்கம் சுடும், வெளிப்பக்கம் ஆறியிருக்கும். உள்பக்கம் விரியப் பார்க்கும், வெளிப்பக்கம் விடாது. அந்த இழுபறியிலேயே விரிசல் விழலாம். அழுத்தமும் வெப்பமும் இப்படி எதிரெதிராக இழுப்பதால்தான் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

கையால் அது முடியாது. பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறைக்கு 1960-ல் ரே கிளஃப் 'ஃபைனைட் எலிமென்ட்' என்று பெயர் வைத்தார். ராக்கெட்டுக்கான அணு உலைப் பாகங்களைக் கணக்கிட்டு வந்த ஜான் ஸ்வான்சன், வேலையை விட்டுவிட்டு 1970-ல் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். அதில் பிறந்ததுதான் நம் லேபில் ஓடும் ஆன்சிஸ். முதலில் வெப்பநிலையைக் கண்டுபிடி, பிறகு அதையே சுமையாக ஏற்றித் தகைவைப் பார். வெடிக்க வேண்டிய கலத்தைத் திரையிலேயே வெடிக்க விடலாம்.

ஆனால் ஒன்று. நாம் சொன்னதைத்தான் கம்ப்யூட்டர் நம்பும். ஆவித் துளையில் பருப்புத்தோல் அடைத்திருப்பதோ, வெல்டிங்கில் ஒரு குமிழ் இருப்பதோ அதற்குத் தெரியாது. அதனால்தான் சிமுலேஷன் முடிந்த பிறகும் கலத்தில் தண்ணீர் நிரப்பி, வடிவமைப்பு அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிச் சோதிக்கிறார்கள். தண்ணீர் ஏன்? காற்றைப் போல அது அமுங்காது. கலம் கிழிந்தாலும் சிதறி அடிக்காது.

பொள்ளாச்சி ரோட்டில் கோவைக்குப் போகும்போது மயிலேரிபாளையத்தில் பிரஸ்டீஜ் குக்கர் தொழிற்சாலை வரும். முன்பெல்லாம் பார்க்காமலே கடந்துவிடுவேன். இப்போது பஸ் ஜன்னல் வழியே ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்ததும் குக்கரின் ஆவித் துளையை ஊதிப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.