ஸ்லேட்டர் கணக்கெடுத்த ஊர்கள்

களஆய்வுக்குக் கிளம்புகிற பிள்ளைகளை முதலில் கில்பர்ட் ஸ்லேட்டரைப் படிக்கச் சொல்வேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியரான அவர், 1916இல் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்துச் சொந்த ஊருக்கே அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி எனப் பல ஊர்களின் நிலமும் கூலியும் கடனும் பதிவாகி, 1918இல் புத்தகமாக வந்தன.

எனக்கு அதில் ஒரு மனக்குறை. அன்றைக்குக் கல்லூரிக்குப் போனவன் யார்? பெரும்பாலும் காணி உள்ள வீட்டுப் பையன். குலுக்கல் முறையில் எடுத்த மாதிரி ஊர்களல்ல இவை. மிராசுதார் மகன் வந்து நின்று, "உனக்கு எவ்வளவப்பா கடன்?" என்று கேட்டால் பண்ணையாள் வாய் திறப்பானா?

ஆனாலும் அந்தப் பதிவு பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டது. 1930களில் தாமஸ், ராமகிருஷ்ணன் என்ற ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குப் போய்க் கூலியை ஒப்பிட்டார்கள். 1980களில் குகன், ஜோன் மென்ச்சர் என்ற ஆய்வாளர்கள் இருவேல்பட்டைப் பற்றி மறுபடி எழுதினார்கள்.