அமெரிக்கக் கால்பந்தின் தற்காப்பு வரிசை வீரர்கள்: தலைமுறைகளிடையே ஓர் ஒப்பீடு

அமெரிக்கக் கால்பந்தில் எதிரணியின் முன்வரிசைக்கு நேரெதிரே கை ஊன்றிக் குனிந்து நிற்பவர்கள் தற்காப்பு வரிசை வீரர்கள். நடுவில் நிற்பவர் டிஃபென்சிவ் டேக்கிள், ஓரத்தில் நிற்பவர் டிஃபென்சிவ் எண்ட். பந்தோடு ஓடுபவரை மறிப்பதும், பந்தை எறியும் குவாட்டர்பேக்கை அவர் கையை விட்டுப் பந்து போகும் முன்பே வீழ்த்துவதும் இவர்கள் வேலை. அப்படி வீழ்த்துவதற்குச் ‘சாக்’ என்று பெயர்.

இவர்களில் யார் பெரியவர் என்ற வாதம் பெரும்பாலும் சாக் கணக்கில்தான் தொடங்கும். அந்தக் கணக்கிலேயே சிக்கல் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். தனிவீரரின் சாக்கை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்யத் தொடங்கியதே 1982இல்தான். அதற்கு முன் ஆடியவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் வராது. பழைய ஆட்டக் குறிப்புகளையும் படச்சுருள்களையும் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் அலசித் திரட்டிய எண்ணிக்கை 2021இல் வெளிவந்தது. அதுவும் 1960 வரைதான் பின்னோக்கிச் செல்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் டீக்கன் ஜோன்ஸுக்கு இந்த ஆராய்ச்சியால்தான் உரிய இடம் கிடைத்தது. அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 1961இல் 14ஆம் சுற்றில் தேர்வான, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத வீரர் அவர். மெர்லின் ஓல்சன், ரோஸி கிரியர், லாமார் லண்டி ஆகியோருடன் சேர்ந்து அவர் அமைத்த நால்வர் வரிசை அந்தத் தலைமுறையின் பெருமை. ‘சாக்’ என்ற சொல்லைப் பரப்பியவரும் அவரே. மொத்தம் 173.5 சாக் என்கிறது ஆய்வுக் கணக்கு. இதைச் சேர்த்தால் வரலாற்றில் மூன்றாம் இடம். 14 ஆட்டங்கள் மட்டுமே கொண்ட 1964, 1968 பருவங்களில் தலா 22 எடுத்திருக்கிறார்.

அவருடைய ஆயுதம் தலையறை. பந்து நகர்ந்த கணத்தில் எதிரே நிற்பவரின் தலைக்கவசப் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி அறைவார். அடி வாங்கியவர் தன்னையறியாமல் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஜோன்ஸ் அவரைக் கடந்திருப்பார். 1977இல் லீக் இதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே, தாக்கும் அணியின் முன்வரிசையினர் கைகளை நீட்டி, விரித்த உள்ளங்கையால் தடுக்க அனுமதி வந்தது. இந்த இரு மாற்றங்களும் தற்காப்பு வீரருக்குப் பாதகமானவை. ஆனால் அதே காலத்தில் விதிகள் எறிபந்து ஆட்டத்துக்குச் சாதகமாகத் திரும்பியதால் எறிதல்கள் பெருகின. 1977இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 25 முறை எறிந்தது. இன்று 30ஐத் தாண்டுகிறது. எறிதல் கூடினால் சாக் வாய்ப்பும் கூடும். 14 ஆட்டப் பருவம் 1978இல் 16 ஆகவும், 2021இல் 17 ஆகவும் நீண்டது. ஆகவே ஒரு பருவத்தின் மொத்தத்தை இன்னொரு காலத்தின் மொத்தத்தோடு நேராக வைத்துப் பார்ப்பது நியாயமாகாது.

டேக்கிள்களுக்குச் சாக் கணக்கே பொருந்தாது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ஜோ கிரீன் மொத்தமாக எடுத்தது 80க்கும் குறைவு. ஆனால் 1974இல் அவர், எதிரணி முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டருக்கும் அவரை அடுத்து நிற்கும் கார்டுக்கும் இடையே உள்ள சந்தில் சாய்வாக நிற்கத் தொடங்கியதும் இருவரும் அவரைச் சமாளிப்பதிலேயே முடங்கினார்கள். கிரீனுக்குப் பின்னால் நின்ற சக வீரர் ஜாக் லாம்பர்ட்டைத் தடுக்க ஆளில்லாமல் போயிற்று. அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியால் ஓட்டத்தில் எடுக்க முடிந்தது வெறும் 17 கெஜம். அன்று தோற்ற அணியின் ஆலன் பேஜும் சளைத்தவரல்லர். 1971இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்ற முதல் தற்காப்பு ஆட்டக்காரர் அவர். பின்னாளில் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

அதிகாரபூர்வப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் பஃபலோ பில்ஸில் புகழ்பெற்ற புரூஸ் ஸ்மித்: 279 ஆட்டங்களில் 200 சாக். அடுத்தவர் ரெஜி ஒயிட்: 232 ஆட்டங்களில் 198. முதலிடம் ஸ்மித்துக்கு என்றாலும், ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்தால் ஒயிட்டே மேல். வீரர்கள் வேலைநிறுத்தம் செய்த 1987இல் அவர் ஆடியது 12 ஆட்டங்கள், எடுத்தது 21 சாக். மைக்கேல் ஸ்ட்ராஹன் 2001இல் 22.5 எடுக்க 16 ஆட்டங்கள் தேவைப்பட்டன. எந்தக் காலத்து டிஃபென்சிவ் எண்டோடு ஒப்பிட்டாலும் 1987இன் ஒயிட்டுக்கு மேலே ஒருவரை வைப்பது கடினம்.

ஒயிட்டின் உத்தி எளிமையானது. வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடுவதுபோல் விரைவார். எதிராளி அவரைத் துரத்தி வெளியே சாய்ந்ததும் உள்பக்கக் கையை அவருடைய அக்குளுக்கடியில் கொடுத்து ஒரே வீச்சில் தூக்கி ஒதுக்குவார். 130 கிலோவுக்கு மேற்பட்ட ஆட்களும் தடுமாறி விழுந்தார்கள். கிரீன் பே பேக்கர்ஸுக்காக 1997 ஜனவரியில் ஆடிய சூப்பர் பௌலில் 3 சாக் எடுத்தார். அவற்றில் இரண்டு அடுத்தடுத்து வந்தவை.

ஆரன் டொனால்டு இந்த வரிசையில் உயரத்தால் சிறியவர்: 6 அடி 1 அங்குலம், ஏறத்தாழ 127 கிலோ. இருவர் சேர்ந்து தடுக்கும் நடுப்பகுதியில் நின்றே 2018இல் 20.5 சாக் எடுத்தார். நடுவில் நிற்பவரிடமிருந்து இப்படியொரு எண்ணிக்கையை லீக் எதிர்பார்த்ததே இல்லை. ஆடிய பத்துப் பருவங்களிலும், லீக்கின் சிறந்த வீரர்களுக்கான புரோ பௌலுக்குத் தேர்வானார்.

1960க்கு முந்தியவர்களுக்குத் தோராயக் கணக்குகூட இல்லை. பால்டிமோர் கோல்ட்ஸின் ஜீனோ மார்செட்டியைப் பற்றி, உடன் ஆடியோரும் எதிர்த்து ஆடியோரும் சொன்னவற்றையும் எஞ்சிய படச்சுருள்களையும் வைத்தே முடிவுகட்ட வேண்டியிருக்கிறது. லீக்கின் நூறாவது ஆண்டையொட்டி 2019இல் வெளியான எக்காலத்துக்குமான அணியில் எண்ட் எழுவர், டேக்கிள் எழுவர். மார்செட்டி, ஜோன்ஸ், ஸ்மித், ஒயிட், கிரீன், பேஜ், ஓல்சன் எல்லாரும் அதில் உண்டு. அப்போதே ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை இரண்டு முறை பெற்றிருந்த டொனால்டு இல்லை. மூன்றாவது விருது 2020 பருவத்துக்காகக் கிடைத்தது.