உறைவிட மருத்துவரும் இசைக்கான நேரமும்

‘ரெசிடென்ட்’ என்பதைத் தமிழில் ‘உறைவிட மருத்துவர்’ என்கிறோம். மொழியியல் படித்த பழக்கம், ஒரு சொல்லைக் கண்டால் அதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது. மருத்துவமனையையே வீடாகக் கொண்டு உறைபவர் என்பது இதன் பொருள். நம்மூரில் இன்றும் வழங்கும் ‘ஹவுஸ் சர்ஜன்’ என்ற பெயரிலும் அதே வீடுதான் இருக்கிறது. பயிற்சி மருத்துவர்களின் பணிச்சோர்வைத் தணிக்க இசைக்குழு, கூட்டுப்பாடல், தாளப் பயிற்சி என்று முயற்சிகள் நடப்பதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சொல்லே நினைவுக்கு வருகிறது. மருத்துவப் பயிற்சியும் இசையும் ஒரே கூரையின்கீழ் இருந்த காலம் உண்டு. அவை பிரிந்த கதைக்கும் இந்த ‘உறைவிட’த்துக்கும் தொடர்பு இருக்கிறது.

1856ஆம் ஆண்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் இராணுவ மருத்துவமனை ஒன்றில் அலெக்சாண்டர் போரோதின் என்ற இளம் மருத்துவர் பணியில் இருந்தார். வயது 22. அன்று காவல் பொறுப்பில் இருந்தவர் 17 வயது இராணுவ அதிகாரி முசோர்க்ஸ்கி. பணியறையில் இருவருக்கும் பொழுது போகவில்லை, பேச்சுக் கொடுத்தார்கள். அன்று மாலை தலைமை மருத்துவரின் வீட்டில் மறுபடியும் சந்தித்தார்கள். பின்னாளில் ருஷ்ய இசையின் ‘ஐவர்’ என்று அறியப்பட்ட குழுவில் இருவரும் இடம்பெற்றனர். ஆனால் அந்த மருத்துவமனை நாட்களில் போரோதினுக்கு வாய்த்த வேலைகளில் ஒன்று, தண்டனையாக அடிபட்டுக் கிழிந்த பண்ணையடிமைகளின் முதுகிலிருந்து மரச்சிம்புகளைப் பிடுங்குவது. மும்முறை மயங்கி விழுந்தார். இசை அவரை நோயாளிகளின் அருகே நிறுத்தி வைக்கவும் இல்லை. அவர் வேதியியலுக்குப் போய்விட்டார். பாட்டுகளில் நேரத்தை வீணாக்காதே என்று மாணவப் பருவத்திலேயே அவரைக் கண்டித்தவர் அவருடைய வேதியியல் ஆசிரியர் சீனின் என்பது இக்கதையின் சிறு வேடிக்கை.

வியன்னாவில் நிலைமை வேறு. 1867இல் அங்கே அறுவை மருத்துவப் பேராசிரியராக வந்த தியோடர் பில்ரோத், 1881இல் இரைப்பையின் புற்றுப் பகுதியை வெற்றிகரமாக அகற்றி உலகப் புகழ் பெற்றவர். இளமையில் அவர் விரும்பியது இசையைத்தான். மருத்துவம் குடும்பத்தின் விருப்பம். பியானோவும் வயோலாவும் வாசித்தார். பிராம்ஸின் நெருங்கிய நண்பர். பிராம்ஸ் 1873இல் வெளியிட்ட இரண்டு நரம்பிசை நால்வர் படைப்புகள் இவருக்கே காணிக்கையாக்கப்பட்டன. இசையுணர்வு என்பது என்ன என்று ஆராயும் நூலொன்றை எழுதிக்கொண்டிருந்தபோதே 1894இல் இறந்தார். இசை விமர்சகர் ஹான்ஸ்லிக் அதை மறு ஆண்டு பதிப்பித்தார். பில்ரோத்தின் உதவியாளராக இருந்து பெயர் பெற்ற மிக்குலிச், பியானோ கற்றுக்கொடுத்து வந்த காசில் மருத்துவம் படித்தவர். இப்படிப்பட்ட துறையில் ஒரு பயிற்சி மருத்துவர் மாலையில் இசைக்கருவியை எடுத்தால் யாரும் அதைச் சிகிச்சை என்று அழைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்தப் பொற்காலப் படத்தை நான் முழுதாக நம்பவில்லை. அந்த மாலைகள் வசதியுள்ள ஆண்களின் மாலைகள். சமையலும் குழந்தையும் வேறு யாருடைய பொறுப்பிலோ இருந்தன.

1878 முதல் 1880 வரை ஐரோப்பாவில் படித்த அமெரிக்கர் வில்லியம் ஹால்ஸ்டெட், வியன்னாவிலும் இருந்தார். 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவர் அமைத்த அறுவைப் பயிற்சி முறை, ஜெர்மானிய முறையின் படிநிலையைக் கொண்டுவந்தது: பல உதவியாளர்கள், அவர்களுள் வடிகட்டப்பட்டு மேலேறும் சிலர், உச்சியில் ஒரே ஒரு உறைவிட மருத்துவர். பயிற்சிக்கு முடிவுத் தேதி கிடையாது. மருத்துவமனையிலேயே தங்க வேண்டும்; திருமணம் செய்துகொள்ளாதிருப்பதே எதிர்பார்ப்பு. வியன்னாவின் அறுவைக்கூடம் கடல் கடந்தது, வியன்னாவின் வரவேற்பறை கடக்கவில்லை. ஹால்ஸ்டெட் 1884இல் கொக்கேய்னை மரத்துப்போகச் செய்யும் மருந்தாகத் தம் உடலிலேயே சோதித்து அதற்கு அடிமையானவர், பின்னர் மார்பினுக்கும். சக மருத்துவர் ஆஸ்லர் எழுதிவைத்த இரகசியக் குறிப்பு 1969இல் வெளியான பிறகே மார்பின் பழக்கம் பரவலாகத் தெரிந்தது. உறக்கமற்ற பணிநேரத்துக்கு அந்தப் போதையே மூலம் என்று சொல்வதுண்டு. எனக்கு அது எளிதான விளக்கமாகப் படுகிறது. இரவெல்லாம் விழித்திருக்கும், சொற்பச் செலவில் கிடைக்கும் படித்த கைகளை எந்த மருத்துவமனைதான் வேண்டாம் என்றிருக்கும்?

‘பர்ன் அவுட்’ என்ற சொல்லைப் பணியோடு இணைத்து 1974இல் கட்டுரை எழுதியவர் நியூயார்க் உளவியலாளர் பிராய்டன்பெர்கர். இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாற்றியவர்களிடம் அவர் கண்ட நிலை அது. தமிழின் ‘பணிச்சோர்வு’ நல்ல சொல்தான். ஆனால் அதில் நெருப்பு இல்லை. சோர்வு தூங்கினால் போகும். எண்ணெய் தீர்ந்து கருகிய திரி தூங்கினால் எரியாது. 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. பணி சார்ந்த நிகழ்வு என்றே வகைப்படுத்தியது. இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. பணியிடத்தில் விளைவதைப் பணியாளரின் பொழுதுபோக்கால் மட்டும் எப்படித் தீர்ப்பது?

இசை பயனற்றது என்று சொல்ல வரவில்லை. நியூயார்க்கில் 1938 முதலே மருத்துவர்களின் இசைக்குழு இருக்கிறது. பாஸ்டனில் 1982இல் தொடங்கிய லாங்வுட் சிம்பொனி மருத்துவத் துறையினரால் ஆனது. மருத்துவ மாணவரும் மூத்த மருத்துவரும் அதில் அருகருகே அமர்கிறார்கள். பயிற்சி மருத்துவருக்கு இது அரிய அனுபவம். வார்டில் அவருடைய பிழை ஓர் உயிரைத் தொடலாம், மேலதிகாரியின் வசையாகவும் திரும்பும்; இசைக்குழுவில் தவறிய சுரம் அடுத்த தாளவட்டத்தில் மறைந்துவிடுகிறது. 2004இல் அமெரிக்காவில் செவிலிய மாணவர்களிடையே நடந்த ஓர் ஆய்வு, கூட்டாகக் கருவி இசைத்தவர்களின் பணிச்சோர்வு குறைந்ததாகச் சொன்னது. அதை அப்படியே 36 மணி நேரம் விழித்திருப்பவருக்குப் பொருத்த நான் தயங்குவேன்.

இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் மத்திய உறைவிட மருத்துவர் திட்டம் வாரம் 48 மணி நேரம் என்று எழுதிவைத்தது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 32 ஆண்டுகளில் ‘நியாயமான’ எண் கூடியிருக்கிறது! ஆந்திர மருத்துவக் கல்லூரியில் படித்து, கர்நூலில் மருத்துவப் பேராசிரியராக இருந்த ஸ்ரீபாத பினாகபாணி 1983இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி அவருடைய சீடர். அத்தகைய ஒருவர் இன்று முதுநிலைப் பயிற்சியில் இருந்தால் எந்த நேரத்தில் சாதகம் செய்வார்?

வடக்கே ஒரு நகரத்தில் மயக்கவியல் படிக்கும் என் தோழி, வயலினையும் எடுத்துக்கொண்டுதான் விடுதிக்குப் போனாள். முதலாண்டில் அறுந்த தந்தியை மூன்றாம் ஆண்டு வரை மாற்றவில்லை. கடை தூரமில்லை.

ஆகவே இசையறை திறக்கும் கல்லூரிகளிடம் எனக்கு ஒரு கேள்விதான். ஒத்திகை நேரம் பணிப்பட்டியலில், உங்கள் கையொப்பத்தோடு, பணி நேரமாக எழுதப்பட்டிருக்கிறதா? அந்த இரண்டு மணி நேரம் வார்டைப் பார்த்துக்கொள்ள வேறொருவரின் பெயர் அதில் இருக்கிறதா?