பாடியில் தொழிற்சாலை, டிக்கியில் தண்ணீர் கேன்

பழைய அம்பாசடரின் பானட்டைத் திறந்தால், ரேடியேட்டர் கழுத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கித் தரையைப் பார்த்தபடி முடிவதைக் காணலாம். இன்ஜின் சூடேறும்போது மிஞ்சுகிற தண்ணீர் அந்தக் குழாய் வழியே ரோட்டில் கொட்டிவிடும். பின்னால் வந்த கார்களில் அதே குழாய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய் முடிகிறது. மிஞ்சிய தண்ணீர் டப்பாவில் தங்கி, இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டருக்கே திரும்பிவிடும். ஒரு டப்பா, ஒரு முழம் ஹோஸ், இரண்டு கிளிப், பொருத்தமான ஒரு மூடி, அவ்வளவுதான். இத்தனை எளிய சாமான் நம் ஊர்க் கார்களுக்கு ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது? அந்தக் காலத்தில் நம்மிடம் தொழில்நுட்பம் இல்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். சென்னையின் மேற்குப் புறநகர் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலே அந்தப் பதில் நிற்காது. டப்பா செய்யவேண்டிய வேலையை ஒரு மனிதர் செய்துகொண்டிருந்தார். காரை வாங்கியவருக்கு அந்த வேலையின் பாரம் தெரியவில்லை. தாமதத்தின் மூலக் காரணம் அதுதான் என்பது என் கட்சி.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். காலை வெப்பத்திலிருந்து ஓடும் சூட்டுக்கு ஏறும்போது தண்ணீர் மூன்றிலிருந்து நான்கு சதவீதம் வரை விரிகிறது. 8 லிட்டர் கொள்ளும் இன்ஜினில் இது கிட்டத்தட்ட 300 மில்லி. ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. அழுத்தம் அளவு மீறினால் ஒன்று திறந்து தண்ணீரை வெளியே விடும். ஆறும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடத்தைத் தீர்க்க மற்றது திறக்கும். குழாய் தரையைப் பார்த்திருந்தால் இந்த இரண்டாவது வால்வு காற்றைத்தான் இழுக்கும். அதன் முனை டப்பாத் தண்ணீரில் மூழ்கியிருந்தால் தண்ணீரை இழுக்கும். வித்தியாசம் இவ்வளவே. மூடியின் அழுத்தமும் சும்மா இல்லை. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 111 டிகிரிக்கு உயர்கிறது. 2003 மே மாதம் 45 டிகிரி பதிவான சென்னையில் அந்தப் பதினோரு டிகிரி பெரிய காப்பு.

இனி, செய்யத் தெரியாதா என்ற கேள்விக்கு வருவோம். 1953-ல் சுங்கவரி ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு, இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கார் நிறுவனங்களுக்கு இடமில்லை என்று மத்திய அரசு முடிவெடுத்தது. பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றுவந்த டி.வி.எஸ். குடும்பம் உதிரிபாக உற்பத்தியில் இறங்கியது. வீல்ஸ் இந்தியா 1960-ல், லூகாஸ்-டி.வி.எஸ். 1961-ல், பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் 1962-ல், சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் 1966-ல் என்று சென்னையின் மேற்குப் புறநகரான பாடி வட்டாரத்தில் வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. பக்கத்திலேயே 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை பிறந்தது. லேத்தும் பிரஸ்ஸும் அச்சு வார்ப்பும் தெருத்தெருவாகப் பெருகின. ஆவடியில் 1961-ல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. பிரேக்கும் டைனமோவும் பீரங்கி வண்டியும் செய்கிற வட்டாரத்துக்கு ஒரு டப்பாவும் ஒரு ரப்பர் குழாயும் எட்டாக் கனியா? யோசனையாவது புதிதா என்றால் அதுவும் இல்லை. பிரான்சில் ரெனோ 4 கார் தண்ணீர் டப்பாவோடு கூடிய மூடிய குளிர்விப்பு முறையை 1961-லேயே கொண்டுவந்துவிட்டது, லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கிய அதே ஆண்டு.

ஆக, இல்லாமல் போனது தேவைதான். அம்பாசடரை அதிகம் வாங்கியவை அரசு அலுவலகங்களும் கம்பெனிகளும். டாக்சியாக ஓடியவையும் ஏராளம். சொந்தமாக வாங்கிய வசதிக்காரர்களும் பெரும்பாலும் டிரைவர் வைத்திருந்தார்கள். வண்டிக்குப் பணம் கொடுத்தவர் ஒருவர், பானட்டைத் திறந்தவர் இன்னொருவர். காலையில் வண்டியைத் துடைத்துவிட்டு ரேடியேட்டரை நிரப்புவது டிரைவரின் கடமைகளில் ஒன்று. “தண்ணி, ஆயில் பார்த்தாச்சா?” என்று கேட்பதோடு முதலாளியின் பங்கு முடிந்தது. டிக்கியில் ஒரு தண்ணீர் கேன் கூடவே பயணம் செய்தது. பூந்தமல்லி தாண்டிப் பெங்களூர் ரோட்டைப் பிடிக்கும் லாரிகளில் இதே வேலை கிளீனருடையது. 900 மீட்டர் உயரத்துக்கு ஏறவேண்டிய அந்தப் பாதையில் வண்டி கொதித்தால், துணியைச் சுற்றி மூடியைத் திறந்து ஆவியில் கை பொசுங்கியவர்களும் இவர்கள்தான். அவர்கள் எப்படியும் சம்பளத்தில் இருந்தார்கள். ஆகவே இந்த வேலைக்கென்று தனிச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கணக்கில் ஏறாத செலவைக் குறைக்க எந்தக் கம்பெனியும் முனையாது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும்: காரணம் லைசென்ஸ் ராஜ்யம்தானே, டிரைவரை ஏன் இழுக்கவேண்டும்? 1980 வாக்கில் இந்தியா முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 30,000 கார்களே தயாராயின. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். எதைச் செய்தாலும் விற்கும்போது கம்பெனி ஏன் மாற்றம் செய்யப்போகிறது? உண்மைதான். ஆனால் போட்டியின்மை ஒரு குறையை நீடிக்கவிடும்; அந்தக் குறையை வாங்கியவர் ஏன் பொறுத்துக்கொண்டார் என்பதை அது விளக்காது. காரில் ஏறும்போதெல்லாம் கையைச் சுட்டுக்கொள்கிறவர் அமைச்சருக்கு மனுப் போட்டிருப்பார். சுட்டுக்கொண்டவர் வேறொருவர் என்பதால் மனு போகவில்லை. இரண்டாவது மறுப்பு அனுபவசாலி மெக்கானிக்குகளுடையது: மிஞ்சியதைக் கொட்டிவிட்டு வண்டி தானே ஒரு மட்டத்தில் நின்றுவிடும், அதை அப்படியே விட்டால் போதும். இதிலும் பாதி உண்மை உண்டு. ரேடியேட்டரின் மேல்தொட்டியில் விரிவுக்கு இடம் இருந்தால் தண்ணீர் ஓர் அளவில் நின்றுவிடும். ஆனால் மட்டம் குறைந்திருப்பதைப் பார்த்து எந்த டிரைவர் சும்மா இருப்பார்? ‘தண்ணி கம்மி’ என்று பேச்சு வாங்க யாருக்கு ஆசை? அவர் கழுத்து வரை நிரப்புவார். வண்டி மறுபடி கொட்டும். மறுநாள் மறுபடி நிரப்புவார். நிரப்பியது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். ஒவ்வொரு முறையும் புதிய உப்பு உள்ளே போய் இன்ஜினின் நீர்ப்பாதையில் படிந்தது. உள்ளே போன காற்று இரும்பை அரித்தது. வண்டி மேலும் சூடானது. சூடாகிறதே என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது பட்டறை வழக்கமாகவே ஆனது. கடமை தவறாத டிரைவரின் கையாலேயே ரேடியேட்டர் அடைத்துப்போனது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது வாங்கியவரே ஸ்டியரிங் பிடித்தார். அந்தக் காரில் தண்ணீர் டப்பா பிறவியிலேயே இருந்தது. காலையில் ரேடியேட்டர் மூடியைத் திருகும் பழக்கம் ஒரே தலைமுறையில் மறைந்தது. தேவை என்று வந்ததும் இந்த வட்டாரத்தின் கைத்திறன் என்ன செய்தது என்பதற்கும் சான்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ரேடியேட்டர் மூடிகளுக்கு, பாடியில் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸைத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டனில் இருந்த இயந்திரங்களே இங்கே கொண்டுவரப்பட்டன. ஒரு காலத்தில் பெட்டியில் பாகங்களை அனுப்பிய அமெரிக்க நிறுவனம், தன் கார்களின் மூடியைச் சென்னையிலிருந்து வாங்கியது. செய்யும் திறமை முன்பே இங்கு வேரூன்றியிருந்தது. கேட்கும் ஆள்தான் தாமதமாக வந்தார்.

கடைசி மறுப்பு பழைய கார் பிரியர்களுடையது. பாரம்பரிய வண்டியில் பிளாஸ்டிக் டப்பா ஒட்டினால் அதன் அசல் தன்மை போய்விடாதா? அசல் என்பது காரின் தகடும் பாகங்களும் மட்டுமல்ல, அதை ஓடவைத்த ஏற்பாடும் சேர்ந்தது. அந்த ஏற்பாட்டில் கேனும் கையில் துணியுமாக ஒரு சம்பள ஆள் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை எடுக்கும் இன்றைய உரிமையாளரிடம் அவர் இல்லை. ஆளை நீக்கிவிட்டு அவர் வேலையைச் செய்யும் டப்பாவை மட்டும் மறுத்தால், பாதி அசல்தான் மிஞ்சும், அதுவும் கொதிக்கும் பாதி. பன்னாட்டுப் பழங்கார் கூட்டமைப்பான ஃபீவாவின் டுரின் சாசனமும் மாற்றமே கூடாது என்று சொல்லவில்லை. தவிர்க்க முடியாத மாற்றம் அடையாளம் தெரியும்படியும் பின்னால் கழற்றக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்பதே அதன் போக்கு. தகட்டில் துளை போடாமல், ஏற்கெனவே உள்ள போல்ட்டில் ஒரு பட்டையை மாட்டி நிறுத்திய டப்பா இந்த இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தும்.

அப்படிப் பொருத்துகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பழைய பித்தளை ரேடியேட்டரின் ஈயப் பற்றுக்கு இன்றைய கார்களின் அழுத்தம் தாங்காது. அதனால் அழுத்தம் ஏறாத, மிஞ்சியதை மட்டும் வாங்கித் திருப்பித் தரும் டப்பாவே போதும். மூடியின் பவுண்டு அளவு பழையபடியே இருக்கட்டும். மூடி மட்டும் மேல்விளிம்பிலும் கேஸ்கட் உள்ளதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆறும்போது தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். குழாய் முனை டப்பாவின் அடியைத் தொட்டும் தொடாமலும் தண்ணீரில் மூழ்கியிருக்கட்டும். போர்வெல் தண்ணீரை விட்டுவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். சூடான இன்ஜினின் மூடியை யார் கையாலும் திறக்கவிடாதீர்கள்.