டிவிடியும் 15 ஃப்ரேம் கணக்கும்

டிவிடி என்கோடரில் "ஜிஓபி 15" என்று ஓர் எண் வரும். அது எங்கிருந்து வந்தது தெரியுமா?

1988-ல் தொடங்கிய எம்பெக் குழு 1994-ல் எம்பெக்-2 முறையை முடித்தது. 1996 நவம்பரில் ஜப்பானில் முதல் டிவிடி பிளேயர்கள் விற்பனைக்கு வந்தன. 4.7 ஜிபி தட்டில் முழு சினிமா அடங்க வேண்டும். அதனால் ஒரு ஃப்ரேமை மட்டும் முழுசாக வைத்து, அடுத்தவற்றில் மாற்றங்களை மட்டும் எழுதினார்கள். காமர்ஸ் பாஷையில் சொன்னால், முதல் ஃப்ரேம் ஓபனிங் பேலன்ஸ், மற்றவை வரவு செலவுப் பதிவுகள். பதிவுகள் நீண்டுகொண்டே போனால் நடுவில் தாவிப் பார்ப்பது கஷ்டம். எனவே பால் முறைக்கு 15 ஃப்ரேம், என்டிஎஸ்சி-க்கு 18 என்று வரம்பு வைத்தார்கள். வீடியோ பிட்ரேட்டுக்கும் 9.8 மெகாபிட் உச்சவரம்பு.

எல்லாம் ஓடுவதற்காகப் போட்ட கணக்கு, வெட்டுவதற்காக அல்ல. இது தெரியாமல் சித்தி கல்யாண டிவிடியை நான் கண்ட இடத்தில் வெட்டினேன். தாத்தா பேசும் இடம் கட்டம் கட்டமாக உடைந்துபோனது. ஓபனிங் பேலன்ஸ் வெட்டுப்பட்ட பக்கத்தில் போய்விட்டது! டிவிடியிலும் கீறல் விழுந்துவிட்டது, வேறு பிரதி இல்லை.

மினி-டிவி டேப்பில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி. டேப் இருந்தால் அதிலிருந்து எடிட் செய்து, கடைசியில் டிவிடி ஆக்குங்கள். 2 மணி நேரத்துக்கு ஒலியும் சேர்த்து சுமார் 5 மெகாபிட். மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள் நண்பர்களே.