ஹெலன் மாத்திரையைக் கொடுத்தாளா, இல்லையா?

ஹென்ரிக் இப்சன் எழுதிய 'கோஸ்ட்ஸ்' நாடகத்தைப் படித்து முடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பேர்தான் பேய். மேடையில் ஒரு பேயும் வராது. நார்வேஜிய மொழியில் வைத்த பெயருக்கு 'திரும்பி வந்து நடமாடுகிறவர்கள்' என்று அர்த்தமாம். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக... நார்வேயில் ஒரு வீடு, விடாத மழை. செத்துப்போன கேப்டன் ஆல்விங் ஊருக்கு உத்தமர், வீட்டில் குடிகாரர், ஸ்திரீலோலர். கல்யாணமான முதல் வருஷமே வீட்டை விட்டு ஓடிவந்த மனைவி ஹெலனை, "கடமை" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர் பாதிரியார் மேண்டர்ஸ். அதன்பின் எல்லாவற்றையும் மூடி மறைத்தே காலம் தள்ளியவள் அவள். பாரிஸில் ஓவியனாக இருந்த மகன் ஆஸ்வால்ட் ஊர் திரும்புகிறான். அப்பாவிடமிருந்து வந்த நோய், மூளையைத் தின்கிறது. (சிஃபிலிஸ் என்ற வார்த்தை நாடகத்தில் ஒரு இடத்தில்கூட கிடையாது!) சட்டைப்பையில் 12 மார்ஃபின் மாத்திரை வைத்திருக்கிறான். அடுத்த தாக்குதல் வந்தால் நீதான் கொடுக்கணும் என்று அம்மாவிடம் வாக்கு வாங்குகிறான்.

விடிகிறது. மழை நின்று வெயில் வருகிறது. மகன் நாற்காலியில் துவண்டுபோய், சூரியனைக் கொடு என்று குழந்தை மாதிரி கேட்கிறான். அவள் அவன் பையைத் துழாவுகிறாள், மாத்திரை கிடைக்கிறது. கொடுக்கவும் முடியவில்லை, கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. தலைமுடியைப் பிடித்துக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி நிற்கிறாள். திரை!

1881 டிசம்பரில் 10,000 பிரதி அச்சிட்டார்கள். கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஸ்காண்டிநேவிய நாடக அரங்குகள் கதவைச் சாத்தின. முதலில் மேடையேறியது 1882இல், அதுவும் அமெரிக்காவின் சிகாகோவில், குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் முன்னால். 1891இல் லண்டனில் தணிக்கைக்குத் தப்ப அங்கத்தினர்களுக்கு மட்டும் என்று சொல்லிப் போட்டார்கள். மறுநாள் பத்திரிகைகள் சாக்கடையோடு ஒப்பிட்டுத் திட்டின. பொது மேடைக்கு அனுமதி கிடைக்க 1914 ஆனது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கொடுத்தாளா?

இப்சனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் ஆர்ச்சர் இதை அவரிடமே கேட்டாராம். அவ்வளவு கஷ்டமான கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மனுஷன் திருப்பிக் கேட்டிருக்கிறார். உயிர் இருக்கும்வரை நம்பிக்கை உண்டு என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம் என்று ஒரு யோசனையும் சொன்னதாக ஆர்ச்சர் எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கும் அவள் கொடுத்திருக்க மாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. அவள் வாழ்க்கையே தள்ளிப்போடுவதுதான். அப்பாவைப் பற்றிய உண்மையை மகனிடம் சொல்லக்கூட அவனுக்கு நோய் முற்ற வேண்டியிருந்தது. ஆனால் அப்படிக் கொடுக்காமல் விட்டால், அது தாய்ப்பாசமா, அன்றைக்கு மேண்டர்ஸ் தலையில் ஏற்றிய "கடமை" இன்னும் உள்ளே நடமாடுகிறதா? அவளுக்கே தெரியாது. கொடுத்தாலும் அதே கதிதான், வாக்கைக் காப்பாற்றுவதும் ஒரு கடமைதானே. யோசனை கேட்க மேண்டர்ஸும் இல்லை, ராத்திரியே கிளம்பிவிட்டார். அதுவரை அவளுக்கு யாராவது ஒருவர் வழி சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இன்றைக்குப் படிக்கிறவர் பென்சிலின் போட்டிருக்கலாமே என்பார். சிஃபிலிஸுக்குப் பென்சிலின் வந்தது 1943இல். ஹெலன் நிற்பது 1881இல்.

இந்த நோயில் உடனே சாவு வராது என்று டாக்டர் சொன்னதை ஆஸ்வால்ட் முன்பே அம்மாவிடம் சொல்லிவிடுகிறான். கிழவனாகும்வரை கைக்குழந்தையாகக் கிடக்கலாம், நீ எனக்கு முன்னால் போய்விட்டால் என்னை யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறான். திரை விழுந்த பிறகு எனக்குத் தெரிவது அதுதான். பத்து வருஷம் கழித்தும் அதே நாற்காலி, அதே வெயில், மாத்திரை பத்திரமாக அலமாரியில்.